காய்ச்சல் விட்ட பின் வரும் வாந்தி: ஃபுளூவும் குழந்தையின் கல்லீரலும்

நேயர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களில் சளி, இருமல், காய்ச்சல் என்று குழந்தைகள் அடுத்தடுத்துப் படுத்துவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அந்தக் காய்ச்சல்களில் ஒரு பகுதி இன்ஃபுளூயன்சா வைரஸால் வருவது. ஃபுளூ காய்ச்சல் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 2009-ஆம் ஆண்டில் பன்றிக்காய்ச்சல் என்று பெயர் பெற்று ஊரையே அச்சுறுத்திய எச்1என்1 வகையும் இன்று ஆண்டுதோறும் வந்துபோகும் ஃபுளூக்களில் ஒன்றாகிவிட்டது. இந்த நோயில் மூச்சுத்திணறல் வரலாம், நுரையீரலில் சளி கட்டலாம் என்பதைப் பெற்றோர் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். கல்லீரலைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை. குழந்தை மருத்துவராக இந்தக் கரையில் பணியாற்றும் எனக்கு அதைப் பேச வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. இன்று இந்த வானொலி அதற்கு இடம் தந்திருக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபுளூ வந்த குழந்தையின் கல்லீரலை அந்த வைரஸ் தானாகக் கெடுப்பது அரிது. பெரிய கேடு வரும்போது, நாம் கையால் கொடுத்த மாத்திரையோ மருந்தோ பெரும்பாலும் அதில் பங்கு வகித்திருக்கும். அந்தக் கேட்டின் அறிகுறியாக நாம் எதிர்பார்க்கும் மஞ்சள் காமாலை பல நேரங்களில் தென்படவே தென்படாது. கண் வெள்ளையாக இருக்கிறது, ஆகவே ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக் காத்திருக்கும் சில மணி நேரம்தான் குழந்தைக்கு ஆபத்தாக முடிகிறது.

இன்ஃபுளூயன்சா வைரஸ் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்படலத்தில் குடியேறிப் பெருகுகிறது. உடலுக்குள் புகுந்து 1 முதல் 4 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. கல்லீரல் உயிரணுக்களுக்குள் இந்த வைரஸ் போய்ப் பெருகுவது மிக அரிது. ஆனாலும் ஃபுளூவுடன் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளில் சிலருக்கு இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு எண்களும் உயர்ந்திருக்கும். கல்லீரல் உயிரணுக்கள் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கசியும் இரண்டு நொதிகளின் அளவு அவை. வைரஸை எதிர்க்க உடல் திரட்டும் வெள்ளையணுக்களில் ஒரு பகுதி தன் வேலை முடிந்ததும் இரத்தத்தோடு கல்லீரலுக்கு வந்து அங்கே அழிகிறது. அப்போது கல்லீரலில் நிலையாகத் தங்கியிருக்கும் குப்ஃபர் என்ற பாதுகாப்பு உயிரணுக்களும் கிளர்ச்சியடைந்து சுற்றிலும் சிறிதளவு அழற்சியை உண்டாக்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இப்படி உயரும் எண்கள் பெரும்பாலும் இயல்பு அளவின் இரண்டு மூன்று மடங்கைத் தாண்டுவதில்லை. குழந்தை பசிக்கிறது என்று கேட்கத் தொடங்கும்போது அவையும் இறங்கத் தொடங்கும். இதற்கென்று தனி மருந்து எதுவும் தேவையில்லை.

எஸ்.ஜி.ஓ.டி. பற்றி ஒரு செய்தியை இங்கே விளக்கியாக வேண்டும். தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் எட்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்கு நாள் காய்ச்சல் முந்தைய நாள்தான் விட்டிருந்தது. “சார், காச்சல் விட்ருச்சு, ஆனா விடியக்காலைல எந்திரிச்சதுலேர்ந்து கால ஊனவே மாட்டேங்குறான்” என்றார். கையில் ஓர் இரத்தப் பரிசோதனைச் சீட்டு. எஸ்.ஜி.ஓ.டி. எண்ணைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். ஈரல் வீங்கிவிட்டது, கீழாநெல்லி அரைத்துக் கொடு என்று உறவினர்கள் சொல்லியிருந்தார்கள். பையனைத் தரையில் நிறுத்தினேன். குதிகாலைத் தரையில் வைக்காமல், இரண்டு காலிலும் நுனிவிரலில் நின்றுகொண்டு என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கெண்டைக்கால் சதையை மெல்ல அழுத்தினேன், வீரிட்டு அழுதான். வயிற்றில் கல்லீரல் வீங்கியிருக்கவில்லை, கண் தெளிவாக இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. சி.பி.கே. என்ற தசை நொதியைப் பார்க்கச் சொன்னேன். அது ஆயிரக்கணக்கில் உயர்ந்திருந்தது.

அவனுக்கு வந்தது கல்லீரல் நோயன்று, ஃபுளூவுக்குப் பின் வரும் தசை அழற்சி. இன்ஃபுளூயன்சா பி வகையில், பள்ளி செல்லும் வயதுச் சிறுவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதி கல்லீரலில் மட்டும் இருப்பதன்று; தசையிலும் இதயத்திலும் அது நிறைய உண்டு. தசை அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி. மிகவும் ஏறி, எஸ்.ஜி.பி.டி. சற்றே ஏறும். இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, சதையையும் தொட்டுப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஓய்வும் தண்ணீரும் போதும். ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். சிறுநீர் மட்டும் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கினால் தசையின் நிறமி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெறும் சீட்டில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு ஈரல் கெட்டுவிட்டது என்று தாயை அழவைப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. குழந்தையைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்லலாகாது.

ஃபுளூ முற்றி நிமோனியாவாகி, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலோ இரத்த அழுத்தம் வீழ்ந்தாலோ கல்லீரலுக்குப் போகும் இரத்தமும் குறையும். அப்போது ஓரிரு நாட்களில் எண்கள் ஆயிரங்களுக்குத் தாவும். அதற்கு மருத்துவம் ஆக்சிஜனும் இரத்த ஓட்டத்தைச் சீராக்குவதுமே. அந்தக் குழந்தை ஏற்கெனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதி அன்று அது.

வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் பெயர் ரை சிண்ட்ரோம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த டக்ளஸ் ரை என்பவர் 1951 முதல் அங்கே வந்த விசித்திரமான சில குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார். சாதாரணச் சளி, காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருந்த குழந்தைகள் திடீரென்று விடாமல் வாந்தி எடுத்து, பிதற்றி, வலிப்பு வந்து, நினைவிழந்தார்கள். 1963-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அவரும் அவருடைய உடன்பணியாளர்களும் 21 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுள் 17 பேர் இறந்துவிட்டார்கள். இறந்தவர்களின் மூளை வீங்கியிருந்தது. கல்லீரல் முழுவதும் கொழுப்பு ஏறிப் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருந்தது. உயிரோடிருந்தபோதோ அந்தக் குழந்தைகளின் கண்ணிலும் தோலிலும் மஞ்சள் தென்படவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இன்ஃபுளூயன்சா பி பரவியபோது இதே போன்ற மரணங்களை ஜார்ஜ் ஜான்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் பதிவு செய்தார்கள்.

ஆஸ்பிரினுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் நடந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. ஃபுளூவோ சின்னம்மையோ வந்த நேரத்தில் ஆஸ்பிரின் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடமே இது மிகுதியாக வந்திருந்தது. அமெரிக்காவில் 1980-இல் மட்டும் 555 குழந்தைகளுக்கு இந்நோய் பதிவாயிற்று. 1982-இல் அந்நாட்டின் தலைமை மருத்துவர் எச்சரிக்கை விடுத்தார். 1986 முதல் ஆஸ்பிரின் பெட்டிகளின் மேலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டது. அதே 1986-இல் பிரிட்டன் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதை நிறுத்தியது. 2002-இல் அந்த வயது வரம்பை 16 ஆக உயர்த்தியது. அமெரிக்காவில் 1994-க்கும் 1997-க்கும் இடையில் ஆண்டுக்கு 2 குழந்தைகளுக்கு மேல் இந்நோய் பதிவாகவில்லை. புதிய மருந்தோ ஊசியோ கண்டுபிடிக்காமல், பழைய மாத்திரை ஒன்றைக் குழந்தையின் வாயில் போடாமல் நிறுத்தியதாலேயே ஒரு கொடிய நோய் ஏறத்தாழ மறைந்தது. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் மனநிறைவு தரும் பக்கங்களில் இது ஒன்று.

உள்ளே நடப்பது இதுதான். கல்லீரல் உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகள் செயலிழக்கின்றன. கொழுப்பை எரிக்க முடியாமல் அது நுண்ணிய துளிகளாக ஈரலில் தங்குகிறது. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும் வேலை நின்றுபோகிறது. அந்த அம்மோனியா இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது, மூளை வீங்குகிறது. சிறு குழந்தைகளுக்கு இரத்தத்தில் சர்க்கரையும் வீழ்ந்துவிடுகிறது. பித்த நிறமியை வெளியேற்றும் வேலை அவ்வளவாகக் கெடுவதில்லை என்பதால்தான் காமாலை வருவதில்லை.

ஆகவே எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். ஃபுளூ தொடங்கி மூன்று முதல் ஏழு நாட்களில், காய்ச்சல் தணிந்து குழந்தை தேறிவரும் வேளையில், மறுபடி விடாமல் வாந்தி வருகிறதா என்று பாருங்கள். அந்த வாந்தியோடு குழந்தையின் குணம் மாறுகிறதா என்று பாருங்கள். எழுப்பினால் எரிந்து விழுவது, காரணமில்லாமல் கத்துவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தெரிந்தவர் முகத்தைத் தெரியாததுபோல் பார்ப்பது, பிறகு அடித்துப் போட்டதுபோல் தூங்குவது ஆகியவை எல்லாம் கல்லீரலும் மூளையும் சேர்ந்து எழுப்பும் எச்சரிக்கை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாந்தி அதிகம் இல்லாமல் வயிற்றுப்போக்கும் வேகமான மூச்சும் முதலில் வரலாம். பெரியவர்கள் இதைக் கண்டதும் பிள்ளை பயந்துவிட்டது, காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரிக்கவோ பாடம் போடவோ கூட்டிப்போவதை நான் அறிவேன். அவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். அவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள் என்பதையே.

அந்தக் குழந்தைக்கு முதல் உதவி நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்க்கும் அதே கருவியில் சர்க்கரை அளவைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். குறைந்திருந்தால் குளுக்கோஸை நரம்பு வழியே ஏற்றத் தொடங்கி, அதன் பிறகு மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை மேலும் 100 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தொலைவைச் சர்க்கரை குறைந்த நிலையில் ஒரு குழந்தை வாடகைக் காரில் கடப்பதற்கும், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க 108 வண்டியில் கடப்பதற்கும் உயிரளவு வேறுபாடு உண்டு. இரவு எந்நேரமானாலும் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம், “ஃபுளூ வந்து தேறிய பிள்ளை, இப்போது வாந்தி எடுக்கிறது, புத்தி மாறிப் பேசுகிறது, இந்தந்த மாத்திரை கொடுத்தோம்” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கொடுத்த மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். திட்டுவார்களோ என்று அதை மறைக்காதீர்கள்.

ஆஸ்பிரின் இன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். தலைவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டிஸ்பிரின் ஆஸ்பிரின்தான். தாத்தாவுக்கு மாரடைப்பு வந்த பிறகு நாள்தோறும் போடச் சொல்லி மருத்துவர் எழுதிய ஈகோஸ்பிரினும் ஆஸ்பிரின்தான். அவருக்கு அது உயிர் காக்கும் மருந்து, அவர் அதை நிறுத்தக் கூடாது, ஆனால் பேரனுக்கு அதில் கால் மாத்திரையும் ஆகாது. கருவாட்டுக் களத்துக்கும் பாசி எடுக்கவும் தாய் விடியுமுன் போய்விட, தகப்பன் கடலில் இருக்க, காய்ச்சல் பிள்ளையை அப்பத்தாவோ அம்மாச்சியோ பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம் கரையில் ஏராளம். அந்தப் பாட்டிக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஆகவே பெரியவர்களின் மாத்திரைகள் ஒரு டப்பாவிலும், பிள்ளையின் மருந்து வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பெயர் எழுதாத சிறு காகித உறையில் நாலைந்து நிற மாத்திரைகளைப் போட்டுத் தரும் ‘செட் மாத்திரை’யைக் குழந்தைக்கு வாங்கவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவரே சில நேரம் சொல்ல முடியாது. குழந்தை நினைவிழந்து வரும்போது மருத்துவருக்கும் தெரியாது.

ரை சிண்ட்ரோம் என்று முன்னாளில் எழுதப்பட்ட சிலரின் நோய், பிறவியிலேயே கொழுப்பை ஆற்றலாக மாற்றும் நொதி ஒன்று குறைந்திருப்பதால் வந்தது என்று பிற்கால ஆய்வுகள் கண்டன. இது நமக்கு மிகவும் நெருக்கமான செய்தி. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று நெருங்கிய சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேரும் வாய்ப்பு அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடும். அந்தக் குழந்தை நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் நாளில் எந்தக் குறையும் தெரியாது. காய்ச்சலில் இரண்டு வேளை பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி, கொழுப்பை எரிக்கவும் முடியாமல், கல்லீரல் தடுமாறிப்போகும். உங்கள் குடும்பத்தில் முன்பு ஒரு பச்சிளங்குழந்தையோ சிறு குழந்தையோ காய்ச்சலிலோ வாந்தியிலோ காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அந்தத் துயரத்தை மருத்துவரிடம் திறந்து சொல்லுங்கள். அடுத்த குழந்தைக்கு அது வழிகாட்டும்.

காய்ச்சல் வந்தால் பட்டினி போட வேண்டும் என்ற பழக்கம் குழந்தைகளுக்குப் பொருந்தாது. குழந்தையின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. திடமாகச் சாப்பிடாவிட்டாலும் நொய்க்கஞ்சி, பனங்கற்கண்டு போட்ட பால், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று சிறிது சிறிதாக, இரவில் ஒருமுறை எழுப்பியும் கொடுத்துக்கொண்டே இருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைக் கூடுதலாகக் கொடுங்கள்.

ஆஸ்பிரின் வேண்டாம் என்றால் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், காய்ச்சலுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அளவு தவறினால் கல்லீரலைக் கருக்கும் மருந்தும் அதுவே. இந்தத் தவறு நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பாராசிட்டமால் சிரப் இங்கே ஒரே வலிமையில் விற்பனையாவதில்லை. ஒரு பாட்டிலில் 5 மில்லி மருந்தில் 125 மில்லிகிராம் இருக்கும். பார்வைக்கு அதே போன்ற மற்றொரு பாட்டிலில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான அளவு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று கொண்டால், 125 பாட்டிலில் அது 6 மில்லி, 250 பாட்டிலில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. போன மாதம் ஒரு பாட்டிலில் ‘ஒரு மூடி’ என்று மருத்துவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் கடையில் கொடுத்த வேறு வலிமையுள்ள பாட்டிலில் அதே ஒரு மூடி கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். சொட்டு மருந்தைப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தால் பல மடங்காகிவிடும். பாட்டிலின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது வாசியுங்கள். வீட்டில் பள்ளி போகும் அக்காள் இருந்தால் அவளை வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டிலோடு வரும் கோடு போட்ட அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். சமையல் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம், இயன்றால் 6 மணி நேரம் இருக்க வேண்டும்; 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம். காலையில் தாய் ஒரு முறை, அது தெரியாமல் பாட்டி ஒரு முறை, மாலையில் சளி சிரப் என்ற பெயரில் அதே பாராசிட்டமால் மறுபடி ஒரு முறை என்று மூன்று கைகளிலிருந்து போகும் வீட்டில்தான் அளவு மீறுகிறது. சளிக்கென்று விற்கும் கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. கொடுத்த நேரத்தைச் சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளிலேயே எழுதிவையுங்கள். சாப்பிடாமல், வாந்தியோடு, மூன்று நான்கு நாள் காய்ச்சலில் வாடிய குழந்தைக்குப் பாராசிட்டமாலின் நச்சுப் பகுதியைச் செயலிழக்கச் செய்யும் குளுட்டாதயோன் என்ற பொருள் ஈரலில் குறைந்திருக்கும். ஆகவே நல்ல நிலையில் தாங்கக்கூடிய அளவே அப்போது தீங்காகலாம்.

மருந்து மிகையானால் முதல் நாளில் குமட்டலும் வாந்தியும்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. இரண்டாம் நாள் குழந்தை தேறியதுபோலத் தோன்றும். அதற்குப் பிறகே கல்லீரல் கெட்டிருப்பது வெளியே தெரியும். ஆகவே தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்த உடனேயே, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும், பாட்டிலோடு மருத்துவமனைக்கு வாருங்கள். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து உண்டு. முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். தாமதமானாலும் பயன் உண்டு. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் 104 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

வேறு காய்ச்சல் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். நிமசுலைடு 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2011-இல் தடை செய்தது; கல்லீரல் பாதிப்பு அதற்கு முக்கியக் காரணம். ஜப்பானில் இன்ஃபுளூயன்சா வந்த குழந்தைகளுக்கு டைக்லோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் ஆகியவற்றைத் தவிர்க்கிறார்கள். நம் கடைகளிலோ மெஃபெனமிக் அமிலம் கலந்த காய்ச்சல் சிரப் எளிதாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் நம் பகுதியில் வரும் காய்ச்சல் ஃபுளூவா, டெங்குவா என்று முதல் இரண்டு நாட்களில் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டெங்குவிலும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், அதில் ஆஸ்பிரினும் இந்த மருந்துகளும் இரத்தக்கசிவை மோசமாக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும், மருத்துவர் வேறு சொல்லாதவரை பாராசிட்டமால் ஒன்றே போதும் என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. வெப்பமானியில் எண் முழுவதும் இறங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; குழந்தை அமைதியாகத் தூங்கி, தண்ணீர் குடித்தால் போதும்.

காய்ச்சலோடு கண் மஞ்சளாகவே ஆகிவிட்டால் அது பெரும்பாலும் வேறு நோய். மழைநீர் தேங்கிய தெருவில் வெறுங்காலோடு நடப்பதால் வரும் எலிக்காய்ச்சல், அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ ஆகியவற்றை அப்போது தேட வேண்டும். கீழாநெல்லியின் மீது நம் மக்களுக்குள்ள நம்பிக்கையை நான் அவமதிக்கவில்லை. ஆனால் அதைக் குடித்துக்கொண்டு, பத்தியம் என்ற பெயரில் உப்பில்லாக் கஞ்சியோடு ஒரு வாரம் காத்திருப்பது எலிக்காய்ச்சல் வந்த குழந்தைக்கு உயிரிழப்பில் முடியலாம்.

ஃபுளூவுக்கென்று ஓசல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்கிறார்கள். காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் அதிகம். எல்லாக் குழந்தைகளுக்கும் அது தேவைப்படுவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்டவர்கள், ஆஸ்துமா, இதய நோய், நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்கள், மூச்சு வாங்குபவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் எழுதுவார். அந்த மருந்தே சில குழந்தைகளுக்கு வாந்தி வரவைக்கும். மருந்து குடித்த சற்று நேரத்தில் ஓரிரு முறை வாந்தி எடுத்துவிட்டு, பிறகு பேசிச் சிரிக்கும் குழந்தையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். விடாத வாந்தியும் மாறிய புத்தியும் சேர்ந்து வருவதே அஞ்ச வேண்டியது.

ஒரு சிறு கூட்டம் குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இதயத்தின் இரத்தக் குழாய்களைப் பாதிக்கக்கூடிய கவாசாகி நோய் வந்த சில குழந்தைகளும், இதயக் குறைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சில குழந்தைகளும் மருத்துவர் சொன்னபடியே நாள்தோறும் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த உரையைக் கேட்டுவிட்டு அவர்களின் பெற்றோர் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது. இதயக் குழாயில் இரத்தம் உறைந்துவிடக்கூடும். ஃபுளூவோ சின்னம்மையோ வந்த அன்றே, அல்லது அது வந்தவரோடு குழந்தை இருந்தது தெரிந்த அன்றே, இதய மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். மாற்று மருந்தை அவர் முடிவு செய்வார்.

அக்குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி மிக அவசியம். மற்றக் குழந்தைகளுக்கும் 6 மாதம் நிறைந்தது முதல் அதைப் போடலாம். ஐந்து வயது வரை தவறாமல் போடுவது நல்லது. சிறு குழந்தைக்கு முதன்முறை போடும்போது 4 வார இடைவெளியில் இரண்டு ஊசிகள், பின்னர் ஆண்டுக்கு ஒன்று. நம் கரையில் மழை ஐப்பசியில் வலுப்பதால் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை என்பதும், வெளியில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தொழில் முடங்கிய மாதங்களில் மீனவக் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. எல்லாப் பிள்ளைகளுக்கும் போட இயலாவிட்டால், இதய நோய், ஆஸ்துமா, கல்லீரல் நோய் உள்ள பிள்ளைக்கு முதலில் போடுங்கள்.

கடைசியாக, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. உயர்ந்து வீடு திரும்பிய குழந்தைகளுக்கு மறு பரிசோதனை எப்போது என்று பெற்றோர் கேட்பதுண்டு. குழந்தை நன்றாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டு நாளுக்கொருமுறை குத்த வேண்டாம். அந்த இடைவெளியில் ஈரல் டானிக் என்று எதையும் வாங்க வேண்டியதில்லை. மூன்று மாதம் ஆகியும் எண் இறங்காவிட்டால் அது ஃபுளூவால் வந்ததன்று. உடற்பருமனால் வரும் கொழுப்பு ஈரல், உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய், ஹெபடைட்டிஸ் பி போன்றவற்றை அப்போது தேடிப் பார்க்க வேண்டும். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வரிசையில் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.